நான் ஜன்னலுக்குத் திரை போட்ட கதை

ஹோர்ன் துறைமுகம்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பிற்குரிய அக்கா நேல்ட்யேவுக்கு,

உன் தம்பி மைண்டர்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். போன வியாழக்கிழமை மதியம் மட்டும் நான் செத்துப்போய்விட்டதாக ஊரே நம்பியது. அதைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் தேவலை என்று நம்புகிறேன். நீ தைத்து அனுப்பிய பச்சைத் திரைச்சீலை பத்திரமாக வந்து சேர்ந்தது. அதனால் விளைந்த வினையைத்தான் கீழே எழுதப்போகிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஆப்பல்டோர்னில் உன் வீட்டுக்கு அடுத்தாற்போல் எனக்கென்று பார்த்து வைத்திருக்கிறாயே அந்த ஐந்தாம் மாடி வீடு, அதற்குச் சம்மதம் என்று சொல்லிவிடு. என் கோரி கண்ணை மூடிய பிறகு தனிக்கட்டைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று நீ கேட்கும்போதெல்லாம், தண்ணீரைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது என்று சாக்குச் சொல்லிவந்தேன். இப்போது தண்ணீரே தெரிவதில்லை. ஜன்னலுக்கும் தண்ணீருக்கும் நடுவே வரிசையாக மனிதத் தலைகள்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களைச் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்கப் பாலக்காரனாக இருந்து பாலத்தைத் தூக்கி இறக்கி, கப்பல்காரனையும் சைக்கிள்காரனையும் காக்கவைத்து நான் வேடிக்கை பார்த்தேன். அந்தப் பாவம்தான் இப்போது வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் என் ஜன்னலைக் கடக்கும்போது கழுத்தைத் திருப்பமாட்டார்கள், அது மரியாதை. உள்ளே வரவேண்டுமென்றால் மூன்று வாரத்துக்கு முன்னால் நாள் கேட்பார்கள், அதுவும் மரியாதை. இவர்களுக்கு அந்த இரண்டும் கிடையாது. காலையில் நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாக்லேட் துருவலைத் தூவிக்கொண்டிருக்கிறேன், கண்ணாடியில் மூக்கு அப்பிக்கொள்ளக் குனிந்து ஒரு ஜெர்மன்கார அம்மாள் தன் கணவரிடம் சொல்கிறாள், "இங்க பாருங்களேன், எவ்ளோ தத்ரூபமா பண்ணி வெச்சிருக்காங்க!" எனக்குத் தும்மல் வந்துவிட்டது. "அடடே, தும்மக்கூடச் செய்யுது!" என்றாள்.

அதோடு விட்டார்களா? கதவின் மேல்பாதி வழக்கம்போலத் திறந்திருந்தது. கீழ்ப்பாதியின் தாழை அந்த மனுஷனே கையை விட்டு நீக்கினார், இருவரும் உள்ளே வந்தார்கள், அந்த அம்மாள் நேராகப் போய்க் கோரியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா, கோரிக்குப் பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை, நீகூடச் சுற்றிக்கொண்டு சோபாவுக்குத்தான் போவாய். எழுந்திருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது என்னவோ "காப்பி சாப்பிடுறீங்களா?" என்ற வார்த்தை. ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினேன். ஒரு காப்பிக்கு ஒரு பிஸ்கட், பிறகு மூடி. நம் அம்மா நமக்கு ஓதிய ஒரே வேதம் அதுதானே. அந்த மனுஷன் பேச்சுவாக்கில் டப்பாவைத் தானே திறந்து இரண்டாவதை எடுத்தார். பிறகு மூன்றாவதை. மூடியைத் திரும்பப் போடவுமில்லை. அம்மா இருந்திருந்தால் அவரைத் தூக்கித் துறைமுகத்தில் போட்டிருப்பாள்.

"ரொம்ப இயல்பா நடிக்கிறீங்க ஐயா," என்றாள் அந்த அம்மாள். "ராத்திரியானா உங்க சொந்த வீட்டுக்குப் போயிடுவீங்கல்ல?"

"இதுதாம்மா என் சொந்த வீடு."

"பாத்தீங்களா, கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறாரு!" என்று கணவரைப் பார்த்துச் சிரித்தாள்.

யார் அனுப்பியது என்று விசாரித்தால், "கரையில பெஞ்சுல ஒரு பெரியவர்தான் சொன்னாரு" என்றார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. கிழவர்கள் உட்கார்ந்து கதையளக்கிற பொய்யர் பெஞ்சு! வேறு யார், விலாங்கு பிடித்துக்கொண்டிருந்த நம் சீம்தான். கரைக்குப் போய் அவன் முன்னால் நின்றேன்.

"ஏண்டா, என் வீடு எப்போடா மியூசியம் ஆச்சு?"

"நீ இத்தனை வருஷம் மாறாம அப்படியே இருக்கியே, அதான் சொன்னேன். 'பழைய காலத்துப் பாலக்காரர், கதவத் தட்டாதீங்க, தட்டுனா வேஷம் கலைஞ்சிரும், நேரா உள்ள போங்க'ன்னு."

"உண்மையச் சொல்ல வேண்டியதுதானே?"

"இந்தப் பெஞ்சுல உக்காந்துக்கிட்டா? எங்கப்பன், அவங்கப்பன் எல்லாம் உக்காந்து பொய் சொன்ன எடம்டா இது. உண்மை பேசி அதோட மானத்தை வாங்கச் சொல்றியா?"

அதன்பிறகு தினமும் ஆட்கள். ஒரு பெல்ஜியக்காரர் என் கடிகாரத்தைச் சரிபண்ணிவிட்டுப் போனார். யாரோ ஒரு பெண் கோரியின் படத்தைப் பார்த்து "இவங்களும் இங்க வேலை பாத்தாங்களா?" என்று கேட்டாள். ஆமாம், ரொம்ப நன்றாகப் பார்த்தாள் என்றேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன் அக்கா, பிறகுதான் உன் திரைச்சீலை ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அதை மாட்டி, கதவின் மேல்பாதியையும் சாத்தி, காது மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அந்த நிமிஷம்தான்.

நீ ஊரைவிட்டுப் போய் நாளாயிற்று, மறந்திருப்பாய். இந்தக் கரையில் பட்டப்பகலில் திரை போட்டால் வீட்டில் சாவு என்று அர்த்தம். பக்கத்து வீட்டு ஹில்லி முதலில் பார்த்திருக்கிறாள். கதவைத் தட்டியிருக்கிறாள், எனக்கு எங்கே கேட்கும்? ரொட்டிக்கடைக்காரர் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார். பாதிரியார் கறுப்புக் கோட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே சைக்கிளில் வந்தார். சீம் ஏணி வைத்து ஏறி, அந்தக் காலத்தில் மூட்டை ஏற்றுகிற பரண் கதவு வழியாக நுழையப் பார்த்து, வயிறு மாட்டிக்கொண்டு பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் தொங்க, கீழே நின்ற வேடிக்கைக்காரர்கள் அவன் காலைப் படம் எடுத்தார்களாம்.

நான் கண் விழித்தபோது உடம்பெல்லாம் ஒட்டடையோடு சீம் கோரியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறான், வாய் ஓயாமல் என்னவோ சொல்கிறான். அறுபது வருஷப் பழக்கத்தில் என்னைப் பற்றி அவன் நாலு நல்ல வார்த்தை பேசிய ஒரே சமயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும், என் காதில் ஒன்றும் விழவில்லை. தடவித் தடவி மெஷினை எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் அவன் திட்டுக்கு மாறிவிட்டான்.

"உசுரோட இருக்கிறவனுக்கு எதுக்குடா தெரை?"

கதவைத் திறந்து வெளியே வந்தேன். அழுதுகொண்டிருந்த ஹில்லி என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்தாள், சாவு வீட்டுக்கென்று கொண்டுவந்த கேக்கைப் பார்த்தாள், "அப்போ இது வேணாம்ல?" என்று திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமோ கை தட்டிற்று. செத்தவர் எழுந்துவரும் காட்சி அடுத்து எத்தனை மணிக்கு என்று ஒருவர் பாதிரியாரிடம் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், "நான் ஆப்பல்டோர்னுக்குப் போறேன், எல்லாரும் நல்லா இருங்க!" என்று கரை முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு உள்ளே போனேன். சீம் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அது எனக்குப் பிடிக்கவில்லை, என்னைத் திட்டாமல் அவன் போய் நான் பார்த்ததே கிடையாது.

ஆகவே அக்கா, முடிவு முடிவுதான். ஐந்தாம் மாடி ஜன்னலில் எவனும் மூக்கை அப்ப முடியாது. அங்கே நீ இருக்கிறாய், அத்தான் இருக்கிறார், சீம் இல்லை. அத்தானுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல். கடவுள் உங்கள் கரை உடையாமல் காக்கட்டும். உங்கள் ஊரில் உடைவதற்குக் கரையே இல்லை என்று தெரியும், இருந்தாலும் கடிதத்தை வேறு எப்படி முடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி,
மைண்டர்ட்

பி.கு.: உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால்பெட்டி வரைக்கும் போனேன். போடாமல் திரும்பி வந்து, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். வழியில் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். சீம் உட்கார்ந்திருந்தான், சுற்றி ஒரு கூட்டம், "பாலக்காரர் வீடு எதுங்க?" என்று கேட்டார்கள். நான் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியாது.

"அங்க இனிமே போகாதீங்க," என்றான். "அது மியூசியம் இல்ல, அவன் வீடு. பொண்டாட்டி போனதுலேர்ந்து ஊர்ல ஒருத்தர்கூட அந்த வாசப்படி ஏறலை. நாங்கல்லாம் மரியாதக்காரங்க பாருங்க, நாள் கேக்காம போகமாட்டோம், கேக்கவும் மாட்டோம். வெளியூர்க்காரங்களாவது போகட்டுமேன்னுதான் உங்கள மாதிரி ஆளுங்கள அனுப்புனேன். இப்போ அவன் போறான். அவன் போயிட்டா எனக்கு யாருங்க இருக்கா?"

பொய்யர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அத்தனையும் உண்மை! கூட்டம் நம்பவில்லை, நல்ல கதை என்று சிரித்துவிட்டுப் போய்விட்டது. நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் எங்கயும் போகலைடா," என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "பெஞ்சுல உக்காந்து சொல்றியே, இதை நான் நம்பணுமா? எந்திரிச்சு நின்னு சொல்லு."

எழுந்து நின்று சொன்னேன், அக்கா.

அதனால் அந்த ஐந்தாம் மாடி வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடு, கோபித்துக்கொள்ளாதே. உன் திரைச்சீலையைச் சீம் கையோடு கழற்றிக்கொண்டு போய்த் தன் படகுக்குப் போர்த்தியிருக்கிறான், நிறம் நன்றாகப் பொருந்துகிறது. நீயும் அத்தானும் ஒரு தடவை வாருங்கள். நாள் கேட்டு எழுத வேண்டாம், தாழை நீக்கிக்கொண்டு உள்ளே வந்து எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காருங்கள். பிஸ்கட் டப்பாவை இனிமேல் நான் மூடமாட்டேன்.