மஞ்சுக் கூட்டத்தின் கடைசி கேசட்

போட்டதும் டேப் ரிக்கார்டர் கேசட்டைத் தின்னத் தொடங்கிவிட்டது.

“ஐயோ, நிப்பாட்டுங்கோ சார்!” என்று பதறினாள் கிருஷ்ணப்ரியா. பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிச் சேர்ப்பவள். இதற்காகவே பாலக்காட்டிலிருந்து சூரியநெல்லிக்கு மலையேறி வந்திருந்தாள்.

வேதமுத்து பட்டனை அழுத்தினார். மூடி திறக்கவில்லை. ஓங்கித் தட்டினார். திறந்தது, கூடவே நாடாவும் குடல் சரிந்த மாதிரி வெளியே வந்து விழுந்தது.

இளவயதில் எஸ்டேட் கூட்டாளிகளோடு மலைப் பனியான மஞ்சின் பேரில் அவர் நடத்திய ‘மஞ்சுக் கூட்டம்’ என்ற பாட்டுக்குழு தகரத்தையும் தண்ணீர்க் குழாயையும் தேயிலைச் சல்லடையையும் வாத்தியமாக்கியது. பதிவு செய்வது அவர் பொறுப்பு. கேட்டவர்கள் சிரித்தார்கள். மற்ற கேசட்டெல்லாம் மழையில் பூஞ்சை பிடித்துப் போக, மிஞ்சியது இது ஒன்றுதான்; இதுவும் முன்னொரு தரம் அறுந்து, அவர் கையாலேயே ஒட்டிச் சுற்றியது. தினமும் இதைக் கேட்டால்தான் அவருக்குப் பால் விடாத கட்டன்சாயா தொண்டையில் இறங்கும்.

“பயப்படாதீங்கம்மா. பென்சில் விட்டுச் சுத்திருதேன்.”

சுற்றினார். முறுக்கிக்கொண்டது. உருவிப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை எடுத்தார்.

“ஏங்க, அது என்ன சேலையா?” என்று மனைவி சிசிலி கத்துவதற்குள் ஒரு முழம் சுருண்டு போயிற்று. வெட்டினார், ஒட்டினார், எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்று தெரியாமலே சுற்றிப் போட்டார்.

ஓடியது.

முதலில் தகரத்தில் ஒற்றைத் துளி. பிறகு குழாயின் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். அதன்மேல், பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு எழுவதுபோல ஒரு பெண்குரல் மெல்ல ஏறியது. வீடே தரையை விட்டு மிதப்பது போலிருந்தது. கிருஷ்ணப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

வேதமுத்து குனிந்து டேப் ரிக்கார்டரில் காதை வைத்தார். அவர் தினமும் கேட்ட சங்கீதம் இதில் ஓர் இழைகூட இல்லை.

“இப்படி ஒண்ணை நான் கேட்டதே இல்லை சார்” என்றாள் அவள், கண் கலங்க.

சும்மா இருந்திருக்கலாம். அவரால் முடியவில்லை.

“அம்மா, இது எங்க பாட்டு இல்ல. நான் கொன்னுபுட்டேன்.”

அப்போது வாசலில் பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாள் வந்து நின்றாள். கூட்டத்தில் பாடிய ஒரே பெண். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். முகம் மலர்ந்தது.

“ஒருவழியா நாடாவ நேராச் சுத்திட்டீகளாண்ணே! இத்தன வருசமும் கடைசியிலருந்து முதலுக்குத் தலகீழால்ல ஓடுச்சு. ஆசையாக் கேக்கீகளேன்னுதான் நாங்க யாரும் சொல்லல.”