பூனை படுத்திருந்த ரேடியோ

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர்க் கம்பளி மில்லில் மேஸ்திரியான கிளிஃபர்டு சட்கிளிஃப், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரேடியோவைத் தீர்த்துக்கட்டுவது என்று முடிவெடுத்தார்.

காரணம் சாப்பாடு. காலையில் பெண்கள் நிகழ்ச்சி, பகலில் பாட்டு, நாலு மணிக்குத் தொடர் நாடகம் என்று மனைவி மேபல் அந்தப் பெட்டியோடுதான் குடித்தனம் நடத்தினாள். நாடகத்தில் எவனாவது செத்தால் இவர் வீட்டில் உருளைக்கிழங்கு வேகாது. அதைவிட இன்னொன்று உறுத்தியது. பெண்டாட்டி வாய்விட்டுச் சிரிப்பது பெட்டியிடம் மட்டும்தான்.

மேபல் அடுப்படியில் இருந்தபோது பெட்டியின் முதுகில் கைவிட்டு, குட்டி பல்பு மாதிரி இருந்த ஒரு வால்வைக் கழற்றினார். இனி பகலெல்லாம் பெட்டி ஊமை. ஏழு மணிக்குக் குத்துச்சண்டை வர்ணனை. அதற்குள் வால்வை ரகசியமாகச் செருகி, பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மனைவி வாயைப் பிளந்து நிற்பாள். ஆண்களுக்கு இப்படியெல்லாம் கற்பனை வரும். வரட்டும், பாவம்.

சாயங்காலம் வந்தார். மேசையில் ஈரலும் வெங்காயமும் ஆவி பறக்கக் காத்திருந்தன. பெட்டி மௌனம். அதன்மேல் பூனை சுருண்டு தூங்கியது.

"ரேடியோ போச்சுங்க."

"அடடா! நான் பார்க்கட்டுமா?"

"நீங்க பார்த்த கடிகாரம் இன்னும் பரண்லதான் கிடக்கு. கோட்டைக் கழட்டிட்டு உக்காருங்க."

"குளிருது."

"கரி இந்த எரி எரியுது, குளிருதா?"

வால்வு கோட்டுப் பையில், கைக்குட்டைக்குள். கழுத்தெல்லாம் வியர்வை. சாப்பிட்டதும் மேபல் நாற்காலியைப் பெட்டியை ஒட்டிப் போட்டுக்கொண்டு காலுறை தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

"போய் டீ போடேன், மேபல்."

"உங்க முழங்கை கிட்டதான் இருக்கு."

ஏழடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு பூத்தின் ரேடியோவில் குத்துச்சண்டைக் கூட்டம் ஓவென்று கத்தியது. கிளிஃபர்டு பல்லைக் கடித்தார்.

"சும்மா இருக்கீங்களே. மில்லுல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத மில்லுக்கா இத்தனை வருஷமா போறீங்க?"

வேறு வழியில்லாமல் ஆரம்பித்தார். புது மேனேஜர் குனிந்து தறியை ஆராய்ந்தது, டை தறிக்குள் மாட்டிக்கொண்டது, கத்தரித்து மீட்டபின் மிச்சமிருந்த அரை டையோடு அவர் நாள் முழுக்க அதிகாரம் பண்ணியது. மேபல் சிரித்தாள். பெட்டியிடம் சிரிக்கிற அதே சிரிப்பு.

கிளிஃபர்டு கோட்டுப் பைக்குள் கைவிட்டார். இதற்கு ஒரு வால்வைத் திருட வேண்டியிருந்ததே! இத்தனை நாளும் தான் வாயைத் திறந்திருந்தாலே போதுமாக இருந்திருக்குமே. குத்துச்சண்டை மறந்துபோயிற்று. கைக்குட்டையைப் பிரித்து வால்வை மேசையில் வைத்தார்.

"நான்தான் கழட்டினேன்."

மேபல் ஏப்ரன் பையிலிருந்து இன்னொரு வால்வை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"திருடத் தெரிஞ்சவருக்குப் பெட்டியோட முதுகை மூடத் தெரியலை. போன வருஷமே ஒண்ணு கூடுதலா வாங்கி வெச்சிருந்தேன். அதைப் போட்டு நாடகமெல்லாம் கேட்டாச்சு. உங்க காலடிச் சத்தம் கேட்டதும், சூடு ஆறுறதுக்குள்ளயே துணி சுத்திக் கழட்டினேன். பூனையைப் பார்த்தாவது புரிய வேண்டாமா? சூடில்லாத பெட்டிமேல அது என்னைக்குப் படுத்திருக்கு?"

"அப்புறம் ஏன் கழட்டினே?"

"ரேடியோ இல்லேன்னா நீங்க என்ன பேசுவீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சுதா?" கிளிஃபர்டின் குரலில் அவ்வளவு ஆசை. "அந்த டை கதையிலகூட இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு..."

"தெரிஞ்சுது," என்று சொல்லிவிட்டு, மேபல் வால்வைச் செருகி ரேடியோவைப் போட்டாள்.