கேட்டவுடன் நிற்கும் கொம்பியூட்டர்

"அப்ப தம்பி, நான் யோசிச்சனான்... தை முடிய நான் அங்க வந்து..."

நாகேந்திரம் அவ்வளவுதான் சொன்னார். திரையில் மகன் தனுஷன் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டான். ஒரு கண் அரைவாசி மூடியிருந்தது. தும்மப் போகிறவன் மாதிரி ஒரு முகம்.

"தம்பி? கேக்குதே? தம்பி!"

 நாகேந்திரம் கொம்பியூட்டர் பெட்டியின் தலையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பழைய டிவியை அப்படித் தட்டியே பல வருசம் ஓட்டிய கை அது. அழைப்பு அறுந்துபோனது. சற்று நேரத்தில் ஃபோனில் செய்தி வந்தது: 'அப்பா, உங்கட கொம்பியூட்டர் சரியான ஸ்லோ. படம் நிண்டிட்டுது. அடுத்த ஞாயிறு கதைப்பம்.'

ஸ்லோ என்பதில் பொய்யில்லை. அதன் பொத்தானை அமத்திவிட்டு நாகேந்திரம் சவரம் எடுத்து, குளித்து, சுவாமிக்கு விளக்கு வைத்துவிட்டு வருவார். அதற்குப் பிறகும் அது நடுவில் ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இது சாதாரண நேரமென்றால் பொறுத்திருப்பார். ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவர் இருந்த மூன்றாம் மாடி வீடு, கட்டடத்தோடு சேர்த்து விற்கப்பட்டுவிட்டது. தை முடிந்ததும் இடித்துப் புது அப்பார்ட்மென்ட் கட்டப் போகிறார்கள். மனைவி கமலாம்பிகை ஏற்கெனவே காலமாகிவிட்டாள். "மகனிட்டப் போறதுதானே" என்று காலி வீதிச் சந்தடியில் காண்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவரும் ரொறன்ரோவுக்குப் போக மனதளவில் பெட்டி கட்டிவிட்டார். மகனிடம் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

அந்த ஒன்றுதான் அவருக்கு வராது. இரத்மலானைத் தொழிற்சாலையில் வேலை செய்த காலம் முழுக்கச் சம்பள உயர்வைக்கூட வாய் திறந்து கேட்காத மனிதர். ஃபோனில் வெறும் குரலாகக் கேட்டால் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்தார். முகத்தைப் பார்த்துக் கேட்டால் தகப்பன் கேட்கிற மாதிரி இருக்கும்.

பிளேன்ரீக் கோப்பையோடு வந்த மயிலம்மா திரையை எட்டிப் பார்த்தார். வீட்டைக் கூட்டித் துடைத்துச் சமைத்துக் கொடுப்பவர். ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து மட்டக்குளியில் குடியிருக்கிறார்.

"ஐயா, தம்பிக்குப் பின்னால வெள்ளையாத் தெரிஞ்சிச்சே, அது சுவருங்களா?"

"யன்னல், மயிலம்மா. வெளியில ஸ்னோ."

"பனியா? நிசமாவே மேலருந்து விழுமுங்களா? ஒண்ணும் வெளங்கலையே, சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கு."

"கொம்பியூட்டர் சரியில்ல. திருத்தினாப் பிறகு வடிவாக் காட்டுறன்."

திருத்துவதற்குக் கீழ்வீட்டுக் கிறிஸ்ரி வந்தார். கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். தனக்குத் தெரியாத வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதை இன்றுவரை ஒத்துக்கொள்ளாதவர்.

"அண்ணே, தேவையில்லாத சாமான் கூடினாத்தான் மெஷின் இழுக்காது. எது என்னண்டு தெரியாதோ, அதை எடுத்து விட்டுடுவம்."

அவருக்குத் தெரியாதவை நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தார். அடுத்த ஞாயிறு தனுஷன் திரையில் வந்தான், வாயசைத்தான். சத்தம் மட்டும் வரவில்லை. தேவையில்லாத சாமானோடு சத்தமும் போயிருந்தது.

நாகேந்திரம் விடவில்லை. கலண்டர் தாளொன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'நான் அங்கே வந்து உன்னோடு இருக்கட்டா?' என்று எழுதிக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். தனுஷன் கண்களைச் சுருக்கிப் பார்த்தான். வலமிருந்து இடம் ஒருமுறை, பிறகு இடமிருந்து வலம். அத்தோடு நின்றுவிட்டான். அதே பாதி வாய், அதே அரைக் கண்.

"எழுத்துப் பெருசாப் போச்சு அண்ணே," என்றார் கிறிஸ்ரி. "இவ்வளவு பெரிய எழுத்தை இந்த மெஷினால இழுக்க ஏலாது."

சத்தத்தைத் திருப்பி எடுக்கவும், அப்படியே வேகத்தைக் கூட்டவும், கிறிஸ்ரி இன்டர்நெற்றிலிருந்து இலவசமாக ஒன்றை இறக்கிப் போட்டார். சத்தம் வந்தது. கூடவே ஒரு பெண்ணும் வந்தாள். திரையை முழுக்க மறைத்துக்கொண்டு, உடம்பு இளைக்க வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டாள். அவளை மூடினால் இன்னொருத்தி வந்தாள். அந்த ஞாயிறு மகனோடு கதைக்க உட்கார்ந்த நாகேந்திரம், பாதி நேரம் இந்தப் பெண்களுக்கு "எப்பா, எப்பா" என்று சிங்களத்தில் வேண்டாம் சொல்வதிலேயே கழித்தார். இடையில் கிடைத்த ஓட்டையில் கேள்வியைப் போட்டார்.

தனுஷன் நின்றான்.

"வெறுத்துப் போச்சு கிறிஸ்ரி. இந்தச் சனியனுக்கு என்னதான் வேணுமாம்?"

கிறிஸ்ரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் உள்ளே துழாவினார். பிறகு குரலை இறக்கினார். "அண்ணே, இடமில்ல. பெரிய பெரிய வீடியோ கொஞ்சம் கிடக்கு. அதுதான் முழு இடத்தையும் பிடிச்சிருக்கு."

திறந்து பார்த்தார்கள். கமலாம்பிகை முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். "எடுக்காதேங்கோ எண்டெல்லே சொல்லுறன், தலையும் வாரி இழுக்கேல்ல" என்று கமராவை ஏசினாள். இன்னொன்றில் கோயில் தேரடியில் செருப்பைத் தேடினாள். மற்றதில் ஒன்றும் செய்யாமல் பல்கனியில் இருந்து கடலைப் பார்த்தாள்.

"வேணாமெண்டா விடுவம் அண்ணே. வேற எங்கயும் கொப்பி ஈக்கா?"

இல்லை. நாகேந்திரம் மௌஸைத் தன் பக்கம் இழுத்தார். மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் கையில் பிடித்துக் கொடுத்தபோது கமலா அழுத அழுகை நினைவுக்கு வந்தது. அவள் மனதைக் கல்லாக்கிக்கொள்ளட்டும் என்று, அவளுக்கும் கேட்கும்படியாகத்தான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்து மகனிடம் சத்தமாகச் சொன்னார்: "நல்லா இரு. இந்தப் பக்கம் திரும்பியும் பாக்காத." அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இப்போது அடிக்கடி தோன்றுகிறது.

"நான் அமத்துறன்," என்றார். "கமலா, உன்ர பிள்ளையிட்டப் போறதுக்குத்தான். கோவிக்காத."

நிச்சயமாக அழிக்கவா என்று கொம்பியூட்டர்கூட ஒருமுறை கேட்டது. அழித்தார். குப்பைத் தொட்டியிலும் இருக்கக்கூடாது என்றார் கிறிஸ்ரி. அதையும் வெறுமையாக்கினார். அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கொம்பியூட்டரோ முன்னைப் போலவே வட்டம் சுற்றியது.

கடைசியில் ஓட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மருதானைக்குப் போனார். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் கொம்பியூட்டர் திருத்தும் நுஸ்கியின் கடை. நுஸ்கி மூடியைக் கழற்றி ஒரே பார்வை பார்த்தார்.

"அங்கிள், இத யாரு கிண்டின?"

"ஒரு தெரிஞ்ச ஆள்."

"அவர இனி வீட்டுக்குள்ள எடுக்க வாணாம். டிஸ்க் பழசு, மெமரியும் காணா. ரெண்டையும் மாத்தித் தாரன். சும்மா பறக்கும்."

"முதல் அழிச்ச வீடியோ ஏதும் எடுக்கலாமே?" நாகேந்திரம் கேட்டார்.

நுஸ்கி முயன்று பார்த்தார். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினார். "அதுக்கு மேலால வேற சாமான் கனக்க விழுந்திட்டு அங்கிள். அழிக்காட்டியும் ஸ்பீட் வந்திருக்கும். வீடியோவால ஒண்ணும் ஸ்லோ ஆகல்ல."

நாகேந்திரம் கடைக்கு வெளியே வந்து, ரயில் சத்தம் ஓயும் வரை நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்.

ஆனால் நுஸ்கி சொன்னபடி அது பறந்தது. ஞாயிறு பின்னேரம் பொத்தானை அமத்திவிட்டுப் பழக்கதோசத்தில் சவரக்கத்தியை எடுக்கத் திரும்பினார். அதற்குள் திரை விழித்துக்கொண்டு அவரைப் பார்த்தது. மயிலம்மா அன்று பனி பார்ப்பதற்கென்றே மட்டக்குளி பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார். நாகேந்திரம் அயர்ன் பண்ணிய சேர்ட்டைப் போட்டு, தலை வாரி இழுத்து, கதிரையை நேராக்கி உட்கார்ந்தார்.

தனுஷன் வந்தான். கண்ணாடி போலத் தெளிவு. மீசையில் இரண்டொரு நரை.

"என்னப்பா, படம் நல்ல கிளியரா இருக்கு!" என்றான். ஏனோ அதில் சந்தோசம் தெரியவில்லை.

"புதுசு போட்டனான் தம்பி. உனக்கும் நரைச்சிட்டுதே, ராசா."

"வேலை கூட அப்பா. நேரத்துக்குச் சாப்பிடுறீங்களோ?"

"ஓம் ஓம். மயிலம்மா வடிவாச் சமைக்கிறா."  கைகளைத் தொடையில் அழுத்திக்கொண்டார். "தம்பி, தை முடிய இந்த வீட்டை இடிக்கினம். எனக்குப் போக ஒரு இடமுமில்ல. நான் அங்க வந்து உன்னோட இருக்கட்டோ?"

முதல் தடவையாக முழுதையும் சொல்லி முடித்துவிட்டார்.  பதிலுக்காகப் பார்த்தார்.

பாதி திறந்த வாய். அரைவாசி மூடிய கண்.

"சீ!" நாகேந்திரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கமலாவையும் கொடுத்து, இவ்வளவையும் செய்து, பிறகும் இப்படியா? பெட்டியைத் தட்டக் கையை ஓங்கினார். "பாத்தீரே மயிலம்மா? இவ்வளவு செய்தும் திரும்பப் படம் நிண்டிட்டுது!"

மயிலம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். அவருடைய கண்கள் சின்னப் பிள்ளையின் கண்களைப் போல விரிந்தன.

"எங்கங்கய்யா நின்னிச்சு? தம்பிக்குப் பின்னால பனி கொட்டிக்கிட்டேதானே இருக்கு!"