கார்ட்ரைட் சாலையில் சிக்னல் வந்த கதை

எங்கள் மெரிடேலுக்கென்று ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. விளம்பரம் வற்றி அது கண்ணை மூடிய பிறகு, ஊர்ச் செய்தியின் பாரம் முழுவதும் 'மெரிடேல் பேசுகிறது' என்ற முகநூல் குழுவின் தலையில் விழுந்தது. அந்தக் குழுவின் நிர்வாகி நான். பெயர் நோலீன். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம், தாமதமாக வந்த பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவள்.

குழுவில் பதினாலாயிரம் பேர். மெல்பர்னின் மேற்குக் கோடியில் பதினாலாயிரம் பேர் எதைப் பற்றி மனம் கலங்குகிறார்கள் என்று யாராவது ஆராய்ச்சி செய்ய விரும்பினால் என்னிடம் வரலாம். "இப்ப டமால்னு ஒரு சத்தம் கேட்டுதே, உங்களுக்கும் கேட்டுதா?" "ஹெலிகாப்டர் ஏன் சுத்துது?" "என் குப்பைத்தொட்டியை மாத்தி எடுத்துட்டுப் போன புண்ணியவான் யாரு?" இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்றுவரை பதில் கிடைத்ததில்லை. ஆனால் விவாதம் நின்றதுமில்லை.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த ஊர் வாழ்வில், போன ஏப்ரல் மாதம் சால்வு க்ரெக் என் கதவைத் தட்டினார்.

சால்வு என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பத்தொன்பது வயதில் மால்டாவிலிருந்து கப்பலேறி வந்து, டயர் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி டோரிஸுக்குப் பக்கவாதம் வந்து, எதிர்ப்புறமிருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். சால்வுவின் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் டோரிஸ் அறையின் திரைச்சீலை தெரியும். நடுவில் கார்ட்ரைட் சாலை. நாலு வரிசைக் கார்கள், லாரிகள், எல்லோருக்கும் அவசரம்.

"டோரிஸ் வேற யார் குடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டேங்கிறா, நோலீன்," என்றார். "தினம் மத்தியானம் பூசணியும் கோசும் பாஸ்தாவும் போட்டு சூப் வெச்சு எடுத்துட்டுப் போறேன். சிக்னலுக்குப் போகணும்னா ஒரு கிலோமீட்டர் நடக்கணும். என் முழங்கால் அதுக்குச் சம்மதிக்காது. பஸ்ஸுல போய், இறங்கி, சிக்னல்ல கடந்து, இன்னொரு பஸ் பிடிச்சுத் திரும்பி வர்றேன். ஐம்பது நிமிஷம். எதிர் வீட்டுக்கு!"

"சூப்?"

"ஐஸ்கிரீம் மாதிரி ஆயிடுது. அவ என் மூஞ்சியைப் பார்க்கிறா, சூப்பைப் பார்க்கிறா, பாவம்னு குடிக்கிறா. உங்க கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு சிக்னல் வாங்கித் தாங்களேன்."

நான் குழுவில் போட்டேன். நூற்றுப்பத்துப் பேர் அழுகிற முகம் போட்டார்கள். ஒருவர் "ஒரு தெர்மோஸ் வாங்கக் கூடாதா?" என்றார். "தெர்மோஸ்ல பாஸ்தா ஊறிக் களியாப் போயிடும், அது கூடவா தெரியாது?" என்று இன்னொருவர் பாய்ந்தார். பழைய சோபா ஒன்றும் அந்த விவாத இழையிலேயே விலை போனது. நான் எல்லாவற்றையும் தொகுத்து நகராட்சிக்கு அனுப்பினேன்.

நகராட்சியில் இதற்கென்று ஒரு துறை உண்டு. முன்பு 'சாலைப் பிரிவு' என்று இருந்தது. இப்போது 'நடமாட்டம் மற்றும் இட அனுபவப் பிரிவு'. அதன் மூத்த ஒருங்கிணைப்பாளர் ரொவீனா ஹெஸ்கெத். தங்கமான பெண்; நம்மை மறுக்கும்போதுகூட நமக்காக வருந்துவார். ஆறு வாரத்தில் கூப்பிட்டார்.

"உங்க உணர்வை நான் முழுசா மதிக்கிறேன், நோலீன். ஆனா சிக்னல் வைக்கணும்னா அந்த இடத்துல ஒரு மணி நேரத்துக்கு அறுபது பேராவது ரோட்டைக் கடக்கணும். நாங்க ஆள் வெச்சு எண்ணிப் பார்த்தோம். ஆறு மணி நேரத்துல அரை."

"அரை ஆளா?"

"ஒரு பூனை. பாதியிலேயே திரும்பிடுச்சு."

"சிக்னல் இல்லாததாலதானே யாரும் கடக்கலை, ரொவீனா?"

"அது உங்க கருத்து. எங்ககிட்ட இருக்கிறது தரவு."

தரவுதானே வேண்டும், கொடுத்துவிடுவோம் என்று ஊர் முடிவு செய்தது. அடுத்த கணக்கெடுப்பு ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, பத்திலிருந்து பதினொன்று வரை. அன்று காலை வெயில், மழை, ஆலங்கட்டி எல்லாம் வழக்கம்போல ஒரு மணி நேரத்துக்குள் வந்துபோயின. எழுபத்தோரு பேர் வந்தார்கள். ரொட்டிக்கடை நடத்தும் துய், கடையைப் பூட்டிவிட்டு, பன்றிக்கறி வைத்த ரொட்டி ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தாள். சுவர்பூச்சு வேலை செய்யும் க்ளைவ் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு சாலை நடுவே நின்று கார்களை நிறுத்தினான். நாங்கள் அந்தப் பக்கம் போனோம், இந்தப் பக்கம் வந்தோம், மறுபடி போனோம். சால்வு தொப்பியைக் கழற்றி, ஹார்ன் அடித்த ஒவ்வொரு காரோட்டிக்கும் நன்றி சொன்னார். அன்று டோரிஸுக்குச் சூப் கொதிக்கக் கொதிக்கப் போயிற்று. "நாக்கைச் சுட்டுக்கிட்டா," என்று திரும்பி வந்து சொன்னபோது அவர் கண் நிறைந்திருந்தது.

ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த நகராட்சி எண்ணிக்கைக்காரர் இருநூற்றுப் பதினாலு தடவை எண்ணும் கருவியின் பொத்தானை அழுத்தினார். அறிக்கை ஆகஸ்டில் வந்தது.

"வாழ்த்துக்கள்," என்றார் ரொவீனா. "இருநூத்திப் பதினாலு பேர் கடந்திருக்காங்க. ஒருத்தருக்குக்கூடச் சின்னக் காயம் இல்லை."

"அப்ப சிக்னல் வருமா?"

"காயமே இல்லைன்னா ரோடு பாதுகாப்பா இருக்குன்னு அர்த்தம். பாதுகாப்பான ரோட்டுக்கு எதுக்கு சிக்னல்?"

"அப்ப யாராவது அடிபடணுமா?"

"நாங்க அப்படிச் சொல்லவே இல்லை. ஊக்குவிக்கவும் மாட்டோம். ஆனா அஞ்சு வருஷத்துல மூணு பேர் அடிபட்டா, அதைப் பரிவோட பதிவு செய்வோம்."

இதைக் குழுவில் போட்டதும் ஊரின் பெருந்தன்மை வெளிப்பட்டது. "எனக்கு ஏற்கெனவே கணுக்கால் சரியில்லை. அதையே கணக்குல காட்ட முடியுமா?" என்று கேட்டான் க்ளைவ். "சைக்கிள்லேருந்து விழுந்தா செல்லுமா?" என்று இன்னொருவர். மூன்றாவது ஆளாகத் தன் மைத்துனரை ஒரு பெண்மணி சிபாரிசு செய்தார். மைத்துனருக்கு விஷயம் தெரியுமா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. இழையை மூடிவிட்டேன்.

நகராட்சி எங்களைக் கைவிடவில்லை. செப்டம்பரில் நூலகக் கூடத்தில் ஓர் 'இணைப்படைப்புப் பட்டறை' நடந்தது. இப்போதெல்லாம் எந்த அலுவலகமும் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. நம்மைக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, கலர் காகிதத்தில் எழுதச் சொல்லி, அதைச் சுவரில் ஒட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்டு, பிறகு தானாக முடிவு செய்கிறது. எங்களுக்கு ஆளுக்கு நாலு மஞ்சள் காகிதம் கொடுத்தார்கள். 'சாலையைக் கடப்பது என்றதும் உங்களுக்குள் எழும் உணர்வு என்ன?' என்பது கேள்வி. க்ளைவ் 'கணுக்கால்' என்று எழுதினான். சால்வு வெகுநேரம் யோசித்து 'சூப்' என்று எழுதினார்.

"சூப்!" என்றார் ரொவீனா, குரல் தழுதழுக்க. "எவ்வளவு ஆழமான சொல்! சூப்னா கலந்து இருக்கிறது. சமூகம்."

"இல்லைம்மா, பூசணிக்கா," என்றார் சால்வு.

பட்டறையின் பயனாக, நவம்பரில் சால்வுவின் வீட்டு வாசலுக்கு முன்னால், எங்கள் பக்கச் சாலையோரத்தில் ஒரு பொதுக் கலைப்படைப்பு முளைத்தது. ஏழு இரும்பு மனிதர்கள், ஆளுயரம், ஒரு காலை முன்னால் தூக்கியபடி, கடக்கத் தயாராக. பெயர் 'ஒன்றாய்க் கலக்கக் காத்திருத்தல்'. மேயர் வந்து திரை விலக்கினார். எதிர்ப்புறம் போவதற்கு அவரும் காரில் ஏறி ஒரு கிலோமீட்டர் சுற்றித்தான் போனார்.

சால்வு அந்த ஏழு பேரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இவங்களுக்கு முழங்கால் நல்லா இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டியது. ஆனால் நகராட்சிக்கு அந்த வருஷம் புது நாகரிகம் ஒன்று தொற்றியிருந்தது. ஆள் வைத்து எண்ணுவது பழைய முறை என்று, மின்கம்பங்களில் அறிவுள்ள கேமராக்களை மாட்டினார்கள். ஒவ்வொன்றும் தானே பார்த்து, தானே எண்ணி, தானே அறிக்கை எழுதும். கார்ட்ரைட் சாலையிலும் ஒன்று மாட்டினார்கள்.

மூன்றாம் வாரம் ரொவீனா என்னைக் கூப்பிட்டார்.

"நோலீன், இவ்வளவு மோசமான நிலைமைன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு! உங்க வீட்டுப் பக்கத்துல ஏழு பேர் ரோட்டைக் கடக்கக் காத்திருக்காங்க. பத்தொன்பது நாளா!"

"ரொவீனா, அது வந்து..."

"ராத்திரி பகலா நிக்கிறாங்க! மழையில நிக்கிறாங்க! மாநிலத்துலயே இதுதான் நீண்ட காத்திருப்பு. மேலிடத்துலேருந்து அவசர உத்தரவு வந்திருக்கு. நீங்க ஏன் முன்னாடியே சொல்லலை?"

சொல்ல வாயெடுத்தேன். பிறகு சால்வுவின் பஸ் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான பொதுச்சேவை அதுதான்.

பிப்ரவரி முதல் வாரம் சிக்னல் வந்துவிட்டது. புத்தம் புதியது. பொத்தானை அழுத்தக்கூட வேண்டாம். ஓரத்தில் ஆள் நின்றால் கேமரா பார்த்து, கார்களுக்குச் சிவப்புப் போடும். முதல் நாள் சால்வு சூப் சட்டியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்து போனார். மூன்று நிமிஷம். ஊரே கைதட்டியது. குழுவில் எண்ணூறு இதயங்கள் விழுந்தன.

இரண்டாம் நாள்தான் ஊருக்கு உறைத்தது. ஓரத்தில் ஆள் நின்றால் சிவப்பு. ஓரத்தில் எப்போதும் ஏழு பேர் நின்றார்கள். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தரம் கார்ட்ரைட் சாலை முழுக்க நின்றது. ஏழு பேரும் கடக்கவில்லை. பச்சை விழுந்தது. மறுபடி சிவப்பு. பெட்ரோல் பங்க் வரை வரிசை நின்றது.

"பொம்மையை எடுத்துடுங்களேன்," என்று ரொவீனாவிடம் கேட்டேன்.

"ஐயோ, அது கலை. ஐம்பது வருஷ ஒப்பந்தம்."

"கேமராவுக்காவது சொல்லித் தாங்க, அது இரும்புன்னு."

"கேமரா பாகுபாடு பார்க்காது, நோலீன். அதுதான் அதோட பெருமையே."

'மெரிடேல் பேசுகிறது' இப்போது கர்ஜித்தது. "இந்தச் சிக்னலை யாருய்யா கேட்டது?" என்று முதலில் எழுதியது க்ளைவ். "என் ரொட்டி வேனிலேயே காய்ஞ்சு போகுது," என்றாள் துய். ஜூலையில் நடந்த அத்தனை பேரும் பிப்ரவரியில் காரில் உட்கார்ந்திருந்தார்கள். சிக்னலை அகற்றக் கோரி ஒரு மனு தயாரானது. நான் நடுநிலை வகித்தேன். மூன்று நாள் வகித்தேன். நாலாம் நாள், இடுப்பு வலிக்காகப் போகும் நீச்சல்குள வகுப்புக்கு மறுபடி தாமதமாகப் போய், வாசலில் ஒரு பெண் எனக்குத் தாமதச் சீட்டு எழுதிக் கொடுத்தபோது, கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் அதே சிவப்பில் நின்றுகொண்டிருந்தேன். பொறுமை போய், அந்த ஏழு இரும்புப் பிறவிகளைப் பார்த்து ஹார்னை நீளமாக அமுக்கினேன். அவர்களுக்குப் பின்னாலிருந்து சால்வு வெளிப்பட்டார். என் காரைக் கண்டதும் முகம் மலர்ந்து, சட்டியைப் பிடித்திருந்த கைகளில் ஒன்றை எடுத்து ஆட்டினார்.

அன்று மாலை வேலியோரம் வந்து நின்றார். கையில் க்ளைவின் மனு.

"டோரிஸ் ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, யாரு ஹார்ன் அடிச்சு உங்களைக் கூப்பிடறதுன்னு கேட்டா. இந்தச் சிக்னலை வாங்கிக் குடுத்த மகராசின்னு சொன்னேன்," என்றார். "இது ஏதோ சிக்னல் சமாசாரமாம், எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க, நீங்களும் போடுங்கன்னு க்ளைவ் குடுத்துட்டுப் போனான். கண்ணாடியை டோரிஸ் ரூம்லயே விட்டுட்டேன். உங்க பேர் இருக்குன்னான். நீங்க போட்டிருந்தா நல்லதாத்தான் இருக்கும். எங்க போடணும்?"

"சால்வு, அது..." என்றேன்.

அதற்குள் அவர் பேனாவை எடுத்து, நான் காட்டாமலே, காகிதத்தின் அடியில் அழுத்தமாகக் கையெழுத்திட்டுவிட்டார். "கண்ணாடியை எடுத்துட்டு வந்துடறேன். மூணு நிமிஷம்தானே!" என்று சிரித்துக்கொண்டே சாலைப் பக்கம் போனார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். க்ளைவ் வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு போனபோதும் அப்படியே நின்றேன்.

நகராட்சியின் பதில் ஒன்பதே நாளில் வந்தது. மனுவிலுள்ள கையெழுத்துக்கள் சரிபார்க்கப்பட்டன, சிக்னலை அன்றாடம் பயன்படுத்தும் பாதசாரிகள் மொத்தம் எட்டுப் பேர், அவர்களில் திரு. சால்வு க்ரெக் அகற்றலுக்கு எழுத்துமூலம் சம்மதித்துள்ளார். எஞ்சிய ஏழு பேரிடமிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. அவர்கள் கருத்துத் தெரிவிக்கும்வரை சிக்னல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படியாக இன்றுவரை டோரிஸ் சுடச்சுடச் சூப் குடிக்கிறாள். மெரிடேலில் அந்த மனுவில் கையெழுத்துப் போட மறுத்தவர்கள் அந்த ஏழு பேர் மட்டும்தான்.