பூட்டு வெப்சைட்டுக்கு மூன்று விளம்பரக் கம்பெனிகள்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் மகளும் சுகமாக இருக்க வேண்டும். எழுத்து மேலும் கீழும் போவதற்கு மன்னிக்கவும். முதியோர் வகுப்பில் கோடு போட்ட தாளில் பழகினேன். இது கோடு இல்லாத தாள், எழுத்துகள் இஷ்டத்துக்கு நடக்கின்றன. 'ழ' போடும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் அமைத்துக் கொடுத்த பூட்டு ரிப்பேர் வெப்சைட்டில் மூன்று விளம்பரக் கம்பெனிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, எது தேவலை என்று எழுதச் சொன்னீர்கள். நமக்கு வாசகர் என்று இருப்பது உங்கள் அத்தை ஒருத்திதான். அவள் படிக்கவில்லையென்றால் நான் சுவரைப் பார்த்து எழுதிய மாதிரி. அதனால் அவளை வைத்தே சொல்கிறேன்.

முதல் கம்பெனி தங்கமான கம்பெனி. என் எழுத்துக்குப் பக்கத்தில் அடக்கமாக ஒரு கட்டம், அதற்குள் விளம்பரம். எனக்கோ இப்போது எழுத்தைக் கண்டால் விட மனசு வராது, எல்லாவற்றையும் கடைசி வரை படித்தேன். நம் பக்கத்துக்கு வந்தவர்களை எட்டிக்கூடப் பார்க்காமல் அனுப்புவது மரியாதையா என்று ஒவ்வொன்றையும் தொட்டு, உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மறு வாரமே கம்பெனி எனக்குக் கடிதம் எழுதிவிட்டது! என் பெயருக்கு வந்த முதல் கடிதம், மாப்பிள்ளை. "உங்கள் விளம்பரங்களை நீங்களே தொட்டதால் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது" என்று ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

இரண்டாவது கம்பெனி நாம் எழுதுவதைப் படித்துப் பார்த்து அதற்கேற்ற விளம்பரம் போடுமாம். "சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பது எப்படி" என்று எழுதினேன். பக்கத்திலேயே ஒரு கிரிமினல் வக்கீல் வந்து, "பயப்படாதீர்கள், நாங்கள் இருக்கிறோம்" என்றார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க பண்ணித் தொலைச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டாள். "ஐயோ, அது பூட்டு ரிப்பேர் பத்தினதுடி"ன்னா, "சும்மாவா வக்கீல் வருவாரு?"ங்கிறா. அவள் எதிரிலேயே வக்கீல் விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். "எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க, தைரியமா இருங்க" என்று வக்கீல் ஆறுதல் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

மூன்றாவது கம்பெனி ஆகவே ஆகாது. பக்கத்தைத் திறந்ததும் மெத்தை விளம்பரம் திரை முழுக்கப் படுத்துக்கொள்கிறது. மூடுகிற பெருக்கல் குறி எறும்புத் தலை அளவு. அத்தை எங்கே தொட்டாலும் இன்னொரு மெத்தை, கூடவே பாட்டு வேறே. "இனிமே உங்க பக்கம் எட்டிப் பாக்க மாட்டேன், எழுதினதை வாயாலயே சொல்லிடுங்க"ன்னுட்டா. வாயால சொல்றதுக்கா நான் இந்த வயசுல பள்ளிக்கூடம் போனேன்? ஆகவே தயவுசெய்து எல்லா விளம்பரத்தையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இருக்கிற ஒரே வாசகியும் போய்விடுவாள்.

மகளுக்கு என் அன்பு. இருவரும் நோய்நொடி அண்டாமல், ஒருவரை ஒருவர் சிரிக்க வைத்துக்கொண்டு, பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அத்தை இதை வாங்கிப் படித்தாள். "அந்தப் பெருக்கல் குறி எனக்கு நல்லாவே தெரியுது. மூடினா உங்க பூட்டுக் கட்டுரை வந்துடுமேன்னுதான் மூடலை. அன்னைக்கு எட்டிப் பாக்க மாட்டேன்னதும் படிக்கச் சொல்வீங்களேன்னுதான். நான் வர்றதே விளம்பரம் பாக்கத்தானே, எடுக்கச் சொல்லாதீங்க" என்கிறாள். எனவே மூன்றாவது கம்பெனியே இருக்கட்டும், அவளாவது வந்துகொண்டிருப்பாள். கட்டுரைகளை அடுத்த வாரத்திலிருந்து உங்களுக்கே தபாலில் எழுதி அனுப்புகிறேன். நடுவில் மெத்தை வராது, மாப்பிள்ளை, நிறுத்தாமல் படிக்கலாம்.