அருமை, இன்னும் வரட்டும்!

‘எனக்கு மட்டும் நீக்கு’ என்பதை அமுக்கிய பிறகுதான் நிரோஜனுக்கு வேர்த்தது. அவன் எழுதியது அவனுடைய போனில் மட்டும் மறைந்தது. குழுவில் மற்ற எல்லாருடைய போனிலும் அப்படியே நின்றது.

எழுதியது இதுதான்: “அருமை! இன்னும் வரட்டும்!” பின்னால் ஒரு சிரித்த முகம்.

எழுதிய இடம், அதே குழுவில் இருக்கும் பவதாரணியின் தகப்பன் அம்பலவாணரின் மரண அறிவித்தல்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் வீட்டிலிருந்தே அட்டையும் நோட்டீசும் வடிவமைத்துப் பிழைக்கிறவர்களைத் தேடிப் பிடித்து, வாட்ஸ்அப்பில் ஒன்றாகச் சேர்த்தவன் அவன்தான். அதற்கு முன் ஒவ்வொருவரும் தனியறையில் கிடந்து, ‘அங்கை பாதி விலைக்குச் செய்யினம்’ என்ற வாடிக்கையாளரின் புளுகை நம்பி விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கேட்டறிய ஆள் இருந்தது. குழுவுக்கு அவன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: யார் வேலையைப் போட்டாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். தொடங்கியவன் என்ற முறையில் அவனே முந்திக்கொள்வான். பாராட்டு கைமுதல் இல்லாத வியாபாரம். சரக்கைப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. படத்தோடு பவதாரணி நீளமாக ஒரு குரல்பதிவும் அனுப்பியிருந்தாள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா?

குழுவில் இருக்கும் சிவகரன் ஊர்காவற்றுறையிலிருந்து போனில் கூப்பிட்டான்.

“டேய், உனக்கு விசரே? அது அவளின்ர தேப்பன்ரா!”

“ஆரோ வாடிக்கையாளற்றை எண்டு நினைச்சன் மச்சான்.”

“கீழை ‘மகள் பவதாரணி’ எண்டு கிடக்கு, கண் தெரியேல்லையே? எல்லாரும் அனுதாபம் போட்டிருக்கினம். நீ இன்னும் வரட்டுமாம். அந்த வீட்டிலை இன்னும் ஆர் ஆரடா சாக வேணும்?”

“அழிச்சுப்போட்டன்.”

“எங்கை அழிச்சனீ? இஞ்சை சிரிச்சுக்கொண்டு நிக்குது.”

பவதாரணிக்கு எடுத்தான். போன் நிறுத்தப்பட்டிருந்தது. செத்த வீட்டில் வேறென்ன செய்வாள்?

சரி, குழுவிலேயே அனுதாபம் சொல்லிவிடுவோம் என்று, படத்தை இழுத்து அதற்கு மறுமொழியாக எழுதினான்: “ஆழ்ந்த அனுதாபங்கள். இந்த இழப்பை எப்படித் தாங்கப் போகிறீர்களோ!”

அவசரத்தில் விரல் இழுத்தது வேறு படம். அது சிவகரன் காலையில் போட்டிருந்த தன் கல்யாண அட்டை.

மறுபடியும் சிவகரன்.

“நான் கட்டப்போற பொம்பிளையும் குறூப்பிலைதான்ரா இருக்கிறாள். ‘உங்கட சினேகிதருக்கு என்னைப் பற்றி என்ன சொல்லி வைச்சனீங்கள்’ எண்டு கேக்கிறாள்!”

“ஐயோ மச்சான்…”

“இனி ஒரு எழுத்தும் எழுதாதை. நேரை பவதாரணியிட்டைப் போய்க் காலிலை விழு. அவள் விலகினால் மற்றவையும் போயிடுவினம். ஆரப்பா உன்னோடை இருப்பினம்?”

போன மாதம் நிரோஜனின் கணினி படுத்தபோது, தன்னுடைய மடிக்கணினியைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பியவள் பவதாரணி. அந்த நினைப்பே அவனுக்கு முகத்தைச் சுட்டது. முதல்முறையாக அவளுடைய வேலையொன்றைப் பெரிதாக்கிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது, அது இன்னும் சுட்டது. திகதியும் கிரியை நேரமும் வர வேண்டிய இடங்கள் வெறுமையாக இருந்தன. பாவம், அழுதழுது செய்திருப்பாள்.

வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. அவளுடைய நோட்டீசின் நிறத்திலேயே ஒரு கண்ணீர் அஞ்சலிப் பனர் வடிவமைத்து, யாழ்ப்பாணம் போய் அச்சிட்டான். திரும்பி அல்லைப்பிட்டியைத் தாண்டி, வேலணையைத் தாண்டி, பாலத்துக் காற்றில் பனர் பறக்காமல் முழங்காலால் அமுக்கிக்கொண்டு அவளுடைய ஊரான மடத்துவெளிக்கு மோட்டார்சைக்கிளை விட்டான். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தான். ஒவ்வொரு தடவையும் வாயில் ‘அருமை’ என்றே வந்தது.

வீட்டில் பந்தல் இல்லை, பறை இல்லை, உட்கார ஒரு கதிரைகூட வெளியே இல்லை. கனடாவிலிருந்து பிள்ளைகள் வரும்வரை உடலை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள் என்று தேற்றிக்கொண்டான். பனரின் ஒரு மூலையை வாசல் படலையில் கட்டி, மற்ற மூலைக்குப் போகையில் படலை திறந்தது.

“ஆரது?”

கேட்ட முகம் பனரிலும் இருந்தது.

அம்பலவாணர் பனரை இழுத்து விரித்தார். இரத்தினபுரியில் புடைவைக் கடை வைத்திருந்தவர். ஓரத்தைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். தன் படத்தைப் பார்த்தார். ‘உங்கள் பிரிவால் வாடும் தீவகக் கலைஞர்கள்’ என்பதை நிறுத்தி வாசித்தார். பாலத்திலேயே கடலுக்குள் விழுந்திருக்கலாம் என்று நிரோஜனுக்குத் தோன்றியது.

“ஐயா… நீங்கள்… நான்…”

“பேர் என்ன தம்பி?”

“நிரோஜன்.” தலை நிமிரவில்லை.

“ஓ! ‘அருமை, இன்னும் வரட்டும்’ எண்டு போட்டவர் நீர்தானோ?”

“ஓம் ஐயா.” அது அவனுக்கே கேட்கவில்லை.

அம்பலவாணர் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

“பிள்ளை, எல்லாரும் அனுதாபம் போட்டினமெண்டு கோவிச்சு, போனை நிப்பாட்டிப்போட்டுப் படுத்தது காணும், எழும்பி வா! ‘கை பழகிறதுக்கு அப்பான்ர பேரிலை ஒரு நோட்டீஸ் செய்தனான், எப்பிடியெண்டு சொல்லுங்கோ, பொருத்தமா ஒரு பனரும் ஆராவது செய்து காட்டுங்கோ’ எண்டு நீ போட்ட குரல்பதிவை ஒழுங்காக் கேட்ட ஒரே மனிசன் படலையிலை நிக்கிறார்!”