முறுக்கு விழுந்த ஞாயிற்றுக்கிழமை

உலகத்தில் உள்ள வயிற்றுவலி எல்லாமே வாயுதான் என்பது ஞானசிங்கின் முடிந்த முடிவு. துபாயில் ரொம்ப வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். காற்று எங்கே அடைத்துக்கொள்ளும், எதைத் திறந்துவிட்டால் போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குழாய்க்கு ஒரு நியாயம், குடலுக்கு ஒரு நியாயமா என்று கேட்பார்.

ஆனால் இந்த சாஸ்திரம் மற்றவர்கள் வயிற்றுக்கு மட்டும்தான். தன்னைக் கொசு கடித்தால் டெங்கு. தும்மினால் நிமோனியா. யாரைப் பார்க்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, நர்ஸைக் கண்டதும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, "ஒரு பிரஷர் பாத்திருங்க மக்களே" என்று கையை நீட்டிவிடுவார்.

அப்படி நீட்டியதில்தான் வினை வந்தது. அவர் மனைவி ஜாஸ்பினுக்கு அடிவயிற்றில் ஒரு கனம் இருந்துகொண்டே இருந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "சினைப்பையில நீர்க்கட்டி இருக்கு. பயப்படாதீங்க, பெரும்பாலும் தானாப் போயிரும்" என்றார். அதுவரை கேட்டுவிட்டு ஞானசிங் பிரஷர் பார்க்க எழுந்து போய்விட்டார். டாக்டரம்மா 'ஆனா' என்று தொடங்கிச் சொன்னதை எல்லாம் ஜாஸ்பின் தனியாகத்தான் கேட்டாள்.

குழித்துறை பஸ்ஸில் அவள் சொல்லிப் பார்த்தாள்.

"கட்டி ஒடையலாமாம். இல்லேன்னா சினைப்பையோட சேந்து முறுக்கிக்கிடலாமாம். திடீர்னு தாங்க முடியாத வலி, கொமட்டல், சர்த்தி, காய்ச்சல், தலைசுத்து, இதுல எது வந்தாலும் வீட்டுல இருக்கப்பிடாது, ஒடனே வரணும்னு சொன்னாவ."

"முறுக்கா? அதுக்குத்தான் முறுக்கு தின்னாத, தின்னாதன்னு தலபாடா அடிச்சேன்."

"அய்யோ, இது தின்னுற முறுக்கு இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான். நீர்க்கட்டிதான பிள்ளே? தண்ணிதான? வெயிலுக்கு வத்திப் போவும்."

ஜாஸ்பின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச் முடிந்து வந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்து, ஞானசிங் பழைய கதையில் இறங்கியிருந்தார். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு கதை கேட்க ஜாஸ்பின் ஒருத்திதான்.

"ஓர்மை இருக்கா ஜாஸ்பின்? வெள்ளிக்கிழமை தோறும் நான் துபாயிலேருந்து போன் விளிப்பேன். நீ பக்கத்து வீட்டுல போய்க் காத்து நிப்ப. போன் கார்டுல காசு தீருற வரை பேசுவோம். அது ஒரு காலம்!"

நல்ல காலம்தான். அவள் குரலைக் கேட்டால்தான் அவருக்கு அந்த வாரமே விடிந்த மாதிரி இருக்கும். 'மேலுக்கு எப்பிடி இருக்கு?' என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், பாதி வலி பறந்துவிடும். மீதி வலியை அவர் விவரமாகச் சொல்லுவார். அறையில் மற்றவர்கள் தூங்குவார்கள் என்று போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசிய அந்தப் பேச்சுகளை நினைத்து அவருக்கு இப்போதும் கண் கசிந்தது.

பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். ஜாஸ்பின் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"எனக்க அடிவயிறு... வலப்பக்கம்... பிச்சு எடுக்குத மாதிரி இருக்கு. தின்னதெல்லாம் ரெண்டு மட்டம் சர்த்திச்சுப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"வாயு. மரச்சீனி அப்பிடித்தான். சர்த்திச்சது நல்லது, காத்து வழி கண்டுட்டு. ஓமத்தண்ணி குடிச்சுட்டுக் கெட. நாளைக்குப் பாப்போம்."

"டாக்டரம்மா சொன்னது ஓர்மை இல்லியா?"

"இல்லாம பின்னே? தானாப் போயிரும்னு சொன்னாவ."

ஜாஸ்பின் கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"ஒங்க மொகம் என்ன இப்பிடி வெளறிக் கெடக்கு?"

"எனக்கா?"

"ஒதடு கறுத்திருக்கு. வேர்க்குது வேற. எடது கை மரத்த மாதிரி இருக்கா?"

ஞானசிங் தலைக்கு வைத்திருந்த கையை எடுத்துப் பார்த்தார். மரத்துத்தான் போயிருந்தது.

"ஆமா பிள்ளே!"

"நெஞ்சு?"

"அடைக்கு!" அவ்வளவு மரச்சீனி இறங்கிய நெஞ்சு அடைக்காமல் என்ன செய்யும்?

"பதறாதிய. வினோஜை விளியுங்க."

பக்கத்து வீட்டு வினோஜ் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் குழம்பிப் போனான். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"ஆருக்கு சுகமில்ல?"

"எனக்குத்தாம்லே! சீக்கிரம் விடு!"

பாலம் ஏறும்போது ஞானசிங் தழுதழுத்தார். "நான் போயிட்டா பிள்ளைய நல்ல எடத்துல கெட்டிக் குடு ஜாஸ்பின்."

"செரி" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் ஓடிவந்தது. ஞானசிங் காலைத் தூக்குவதற்குள் ஜாஸ்பின் அதில் படுத்துவிட்டாள்.

"எனக்குத்தான். சினைப்பையில கட்டி இருக்கு. திடீர்னு வந்த வலி, ரெண்டு மட்டம் சர்த்தி. ஸ்கேன் இங்கதான் எடுத்தது."

"அப்ப இவருக்கு?" என்றாள் நர்ஸ்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல. ஒரு பிரஷர் பாத்தா அடங்கிருவாரு."

அடங்கித்தான் போனார். ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்திய பிறகு, வெளியே பெஞ்சில் ஒற்றைக்கு உட்கார்ந்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமைகள் மறுபடியும் வந்தன. இந்தத் தடவை வேறு மாதிரி. முதுகுவலி அவருடையது, பல்வலி அவருடையது, செரிக்காத குப்பூஸ் ரொட்டி அவருடையது. கார்டு தீரப்போகும்போதுதான், 'ஒனக்கு சுகந்தானே?' என்று கேட்பார். 'சுகந்தான்' என்பாள். கார்டு தீர்ந்துவிடும். மகளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோதும் சுகந்தான். கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவள் கையில் கட்டுப் போட்டிருந்தபோதும் சுகந்தான். லீவில் வந்து தழும்பைப் பார்த்துத்தான் அவருக்கே தெரியும். இனிமேல் அந்தக் குரல் கேட்காமலே போய்விட்டால்? ஞானசிங்குக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது. ஆனால் நர்ஸிடம் சொல்லவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தார். "நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க. சினைப்பை முறுக்கிக்கிட்டு ரத்த ஓட்டம் தடைபட ஆரம்பிச்சிருந்தது. முறுக்கைப் பிரிச்சு, கட்டியை எடுத்தாச்சு. நாளைக்குன்னு விட்டிருந்தா சினைப்பையையே எடுக்க வேண்டி வந்திருக்கும்."

யார் யாரைக் கொண்டுவந்தது என்பது ஞானசிங்குக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் அவள் நன்றாக முழித்துப் பார்த்தபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இனிமே ஒனக்கு எங்க வலிச்சாலும் எங்கிட்ட சொல்லு ஜாஸ்பின். மறுபேச்சு கெடையாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருவேன். சத்தியமாட்டு."

தையல் இழுக்காமல் ஜாஸ்பின் பையச் சிரித்தாள்.

"என்னத்துக்கு? ஒங்களுக்கு வலிக்குன்னு நான் சொன்னாப் போதுமே."